ஒன்றாம் எண்ணிடம் ஒப்படைத்தல்



நீ பைத்தானில் எழுதிய வலைச் செயலி பகலெல்லாம் நன்றாக ஓடியதாகவும், இரவு மடிக்கணினியை மூடிவிட்டு நீ படுத்ததும் அதுவும் படுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். இதில் விந்தை ஒன்றுமில்லை. சர்வருக்குள் புகுந்து டெர்மினலில் நீ கையால் தொடங்கிய செயலி அந்த இணைப்பின் ஆச்ரயத்திலேயே ஜீவிப்பதாகையால், இணைப்பு அறுந்ததும், தொலைபேசியை வைத்தாயிற்று என்ற பழைய அர்த்தத்தை இன்னும் தாங்கி நிற்கும் சிக்ஹப் என்னும் சமிக்ஞை வந்து அதை முடித்துவிடுகிறது.

ஆகவே லினக்ஸ் விழிக்கையில் தானும் விழித்து, 1 என்ற செயல்முறை எண்ணைப் பெற்று, மற்றச் சேவைகளையெல்லாம் பரிபாலிக்கும் சிஸ்டம்டியிடம் செயலியை ஒப்படைப்பதே முறை. லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010-இல் தொடங்கிய அதனைப்பற்றி டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் அன்பர்களிடையே நடந்த விவாதம் சாமானியமானதன்று. ஆயினும் 2015-இல் வந்த டெபியன் 8 அதையே ஏற்றது.

ஒப்படைப்புப் பத்திரம் ஒரு சிறு கோப்புத்தான். தொடக்கக் கட்டளையோடு, எந்தப் பயனர் பெயரில் ஓடவேண்டும் என்பதையும் எழுதிவிடு. எழுதாவிடில் செயலி ரூட்டின் சர்வாதிகாரத்தோடு ஓடும். சாதாரணப் பயனருக்கு எளிதில் கிட்டாத 80-ஆம் போர்ட் வேண்டுமென்றால் எஞ்சின்எக்ஸ் என்னும் வலைச் சர்வரைச் செயலிக்கு முன்னால் வைத்துக்கொள்.

விழுந்தால் மறுபடி எழுப்பு என்னும் ரீஸ்டார்ட் வரியைப்பற்றி மட்டும் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும். 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்காத சேவையைச் சிஸ்டம்டி தானாகவே கைவிட்டு, தோல்வி என்று குறித்துவிடும். நானோ, மரியாதையாக இருக்கட்டுமென்று ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே 5 விநாடி அவகாசம் கொடுத்தேன். அந்த இடைவெளியில் 10 விநாடிக்குள் 5 தொடக்கங்கள் எங்கே நிகழும்? தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நான் பிழையாக எழுதியிருந்தபடியால், என் செயலி இரவு முழுவதும் எழுவதும் விழுவதுமாக இருந்தது. சிஸ்டம்டி அதைக் கைவிட்டுத் தோல்வி என்று குறிக்கவேயில்லை. எழுப்புவது சிகிச்சையாகாது என்று அன்றுதான் தெரிந்தது. அவகாசத்தை நீட்டினால் எண்ணும் காலத்தையும் 60 விநாடியாக நீட்டிவிடு.

கோப்பைத் திருத்தும்போதெல்லாம் டீமன்-ரீலோட் கட்டளை கொடுக்க மறவாதே. இல்லையேல் பழைய பத்திரமே அமலில் இருக்கும். முதல் இரவு கழிந்ததும் ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும் பதிவு வரிகளைப் பார்த்து, கண்டதை அப்படியே எனக்கு எழுது.