நடந்தால் குடலுக்கும் நல்லது!

“சத்தான சாப்பாடுதான் சாப்பிடறேன் டாக்டர். ஆனா வயிறு மட்டும் சரியாவே இல்லை” என்று சொல்பவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கு ஒரு கேள்வி. தினமும் எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள்?

காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரியில் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. இப்படி ஏரி உள்ள ஊர்களில் அந்தக் காலத்தில் கழனிக்குக் கரைமேல் நடந்தேதான் போவார்கள். இப்போதோ தெருமுனைக் கடைக்கும் பைக்! இதில் நஷ்டம் கால்களுக்கு மட்டுமல்ல. நம் குடலில் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கும்தான்.

இவற்றில் நல்ல பாக்டீரியாக்கள், கீரை, பருப்பு, காய்கறிகளில் உள்ள நார்ச்சத்தைப் புளிக்கவைத்து, ‘ப்யூட்டிரேட்’ என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கின்றன. பெருங்குடலின் உட்சுவருக்கு அதுதான் முக்கிய ஆகாரம்.

சரி, எந்தப் பயிற்சி என்ன செய்யும்?

நடை, ஓட்டம், சைக்கிள்: அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 32 பேரை வாரம் மூன்று நாள், 30 முதல் 60 நிமிடம் வரை பயிற்சி செய்ய வைத்தார்கள். சாப்பாட்டை மாற்றவில்லை. ஆறே வாரத்தில் ப்யூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் பெருகின. ஒல்லியானவர்களுக்குப் பலன் அதிகம். குண்டானவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. 2018-ல் வெளியான ஆய்வு இது.

எடை தூக்குதல்: தசைக்கும் எலும்புக்கும் அருமையான பயிற்சி. ஆனால் குடல் பாக்டீரியாக்களில் இந்த அளவு தெளிவான மாற்றம் தெரிவதில்லை. நடையோடு சேர்த்துச் செய்யுங்கள். நடைக்குப் பதிலாக வேண்டாம்.

அளவு மீறிய ஓட்டம்: வெயிலில் மணிக்கணக்கில் ஓடினால் ரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் திரும்பிவிடும். குடலுக்குப் போகும் ரத்தம் குறையும். விளைவு? வயிற்றுவலி, குமட்டல், பேதி. அளவோடு ஓடுவதே நல்லது.

எப்படி ஆரம்பிப்பது? வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். சாப்பாட்டில் நார்ச்சத்தும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் பாக்டீரியாக்கள் எதை வைத்து வேலை செய்யும்?

இதய நோயாளிகளும், இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கவும். மலத்தில் ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, ‘நடந்தா சரியாப் போயிடும்’ என்று இருந்துவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த 32 பேரும் பிறகு ஆறு வாரம் பயிற்சியை நிறுத்தினார்கள். கிடைத்த பலன் பெரும்பாலும் பழையபடி ஆகிவிட்டது! எனவே, ‘போன வருஷம் நடந்தேனே’ என்பது இந்த வருஷ வயிற்றுக்கு உதவாது. நாளைக் காலை செருப்பை மாட்டுங்கள்!