ஒரு குடைக்கீழ் ஒரு முத்திரை
கல்விக்கூட இலச்சினையும் துறைகளின் ஒருமைப்பாடும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் காட்டூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர், வளைகுடா நாட்டு வேலையின் பொருட்டுத் தம் சான்றிதழ்களைச் சான்றொப்பத்திற்காக ஓர் அலுவலகத்தில் அளித்தார். அவர் பயின்ற கல்லூரியின் மாற்றுச் சான்றிதழில் இருந்த இலச்சினை ஒருவகை. அதே கல்லூரியின் துறைத்தலைவர் வழங்கிய சான்றிதழில் இருந்ததோ மற்றொரு வகை. "இவ்விரண்டும் ஒரே கல்லூரி தந்தவையா?" என்று அங்கிருந்த அலுவலர் வினவினார். மாணவர் மீண்டும் கல்லூரிக்கு வந்து விளக்கக் கடிதம் பெற்றுச் செல்ல நேர்ந்தது. அவர் மீது குற்றமில்லை, சான்றிதழும் பொய்யன்று. எனினும் ஐயம் எழுந்தது. அன்று தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. ஒரு கல்விக்கூடத்தின் எல்லாத் துறைகளும் ஒரே இலச்சினையை ஒரே வடிவில் வழங்க வேண்டுவதன் தேவையை இங்குக் காண்போம்.

தமிழர் கண்ட பொறி

முத்திரையின் பயனைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். சேரர்க்கு வில்லும், சோழர்க்குப் புலியும், பாண்டியர்க்குக் கயலும் உரியனவாயிருந்தமை யாவரும் அறிந்ததே. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கம் கொள்வோர் பண்டப் பொதிகளின் மீது புலிப்பொறி இட்ட செய்தியைத் தருகிறது. பொதி எவருடையதாயினும், அதனுள் இருப்பது மிளகாயினும் துகிலாயினும், பொறி ஒன்றே. ஒவ்வொரு சுங்கக்காரரும் தத்தம் விருப்பம்போல் புலி வரைந்திருப்பின் அப்பொறிக்கு மதிப்பேது?

சோழர் செப்பேடுகள் இதனினும் தெளிவான சான்று. 1905-இல் கண்டெடுக்கப்பட்ட முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகளைக் கொண்டது. ஏடுகள் அனைத்தும் ஒரு வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தின் முனைகள் அரச முத்திரையால் பிணைக்கப்பட்டுள்ளன. இடையில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ விரும்புவோன் முத்திரையை உடைத்தே ஆக வேண்டும். அம்முத்திரையில் புலி, இரு கயல், வில், மேலே குடை, இருபுறமும் கவரி ஆகியவை அமைந்துள்ளன. அது அழகுப் பொருள் மட்டுமன்று, ஆவணத்தின் காவலுமாகும். உறையூரைத் தலைநகராகக் கொண்டிருந்த சோழர் மண்ணில் வாழும் நாம் இப்பாடத்தை மறக்கலாகாது.

அண்ணலாரின் கணையாழி

இசுலாமிய வரலாற்றிலும் இதற்கு ஒப்பற்ற சான்று உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்க்குக் கடிதம் எழுத எண்ணியபோது, முத்திரையில்லாக் கடிதத்தை அவர்கள் ஏற்பதில்லை என்று தோழர்கள் எடுத்துரைத்தனர். அதனால் வெள்ளியில் ஒரு கணையாழி செய்விக்கப்பட்டது. அதில் 'முஹம்மத்', 'ரசூல்', 'அல்லாஹ்' என்னும் சொற்கள் மூன்று வரிகளாகப் பொறிக்கப்பட்டன. அதே வாசகத்தைப் பிறர் எவரும் தம் கணையாழியில் பொறிக்கலாகாது என்றும் அண்ணலார் விலக்கியதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. அவர்களுக்குப் பின் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி), உதுமான் (ரலி) ஆகிய கலீபாக்கள் அதனையே வழிவழியாகப் பயன்படுத்தினர். உதுமான் (ரலி) காலத்தில் அது மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்து மறைந்தது.

இந்நிகழ்ச்சி இரு நெறிகளை உணர்த்துகிறது. முத்திரை, பெறுபவரின் நம்பிக்கைக்காக ஏற்பட்டது என்பது ஒன்று. அது பலவாகப் பெருகினால் அந்நம்பிக்கை குலையும் என்பது மற்றொன்று.

பல்கலைக்கழகங்களின் நிலை

திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1982-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தோன்றிய பின் அதனோடு இணைந்தன. ஆதலின் நம் பகுதியில் ஒரே வீட்டுச் சுவரில் தந்தையின் பட்டம் ஓர் இலச்சினையோடும் மகளின் பட்டம் வேறோர் இலச்சினையோடும் தொங்குவதைக் காணலாம். இது வரலாற்றால் வந்த வேறுபாடு, இதில் குழப்பமில்லை. ஒரே நிறுவனம் ஒரே காலத்தில் பல முகம் காட்டுவதே குழப்பம்.

அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் உருவானபோது நான்கு நிறுவனங்கள் ஒன்றாயின. அவற்றுள் கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் தோன்றிய பள்ளியை மூலமாகக் கொண்டது. அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 1944-இலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-இலும் தோன்றியவை. தாயைவிட மூத்த பிள்ளைகள் என்னுமாறு அமைந்த இத்தகைய குடும்பங்களில், உறுப்புகளின் பழம்பெருமையைப் போற்றுவதும் பொது அடையாளத்தைக் காப்பதும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும்.

அகமதாபாத் சாளரம்

இப்பொருளில் நாம் ஆழ்ந்து நோக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று 2022-இல் நடந்தது. 1961-இல் தோன்றிய அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் இலச்சினை, அந்நகரின் சீதி சையத் பள்ளிவாசலின் கற்சாளரத்தைத் தழுவியது. 1572-73-இல் கட்டப்பட்ட அப்பள்ளிவாசலில், கிளைகள் பின்னிப் பிணைந்த மரம் ஒன்று கல்லில் வலைபோல் குடையப்பட்டுள்ளது. அதன் சாயலும் ஒரு வடமொழித் தொடரும் இணைந்து அந்நிறுவனத்தின் அடையாளமாயின. பள்ளிவாசல் சாளரமும் வடமொழியும் ஒரு கல்விக்கூடத்தின் முகத்தில் அருகருகே அமைந்த அழகை என்னென்பது!

2022 மார்ச்சில் இதனை மாற்றி, உள்நாட்டிற்கு ஒன்று, வெளிநாட்டிற்கு ஒன்று என இரண்டு இலச்சினைகள் கொள்ளும் முயற்சி எழுந்தது. வெளிநாட்டிற்கானதில் வடமொழித் தொடர் இல்லை. தம்மைக் கலந்து பேசாமல் செய்யப்பட்டது என்று பேராசிரியர் 45 பேர் ஆட்சிக்குழுவிற்கு எழுதினர். வீட்டில் ஒரு முகமும் வெளியில் ஒரு முகமும் எதற்கு என்பதே இங்கு எழும் வினா.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் 2012-இல் தன் பத்து வளாகங்களுக்கும் பொதுவாகப் புதிய குறியொன்றை அறிமுகம் செய்தது. பழைய முத்திரை பட்டச் சான்றிதழ்களில் தொடரும் என்று விளக்கியும் பயனில்லை. 50,000-க்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையொப்பமிட, அவ்வாண்டு டிசம்பரிலேயே அது கைவிடப்பட்டது. ஒருமை நன்றே, ஆயினும் அது உரியவர்களின் உள்ளத்தில் வேரூன்ற வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

செய்யத்தக்கன

வேறுபாடுகள் எவ்வாறு நுழைகின்றன? அன்று ஒவ்வோர் அச்சகமும் தனித்தனியே பிளாக் செய்தது. இன்று கணினியில் இழுத்தும் அமுக்கியும் படத்தைச் சிதைக்கிறோம். படியைப் படியெடுத்து, அதனையும் படியெடுக்க, எழுத்தே மாறிவிடுகிறது. இதற்கு மாற்றாவன:

1. மூல வரைவு ஒன்று முதல்வர் அலுவலகத்தில் காக்கப்படுதல் வேண்டும். அச்சுக்குச் செல்வன யாவும் அதிலிருந்தே பெறப்படுதல் வேண்டும்.

2. நிறம், அகல உயர அளவு, குறிக்கோள் வாசகத்தின் எழுத்து ஆகியவை எழுத்து வடிவில் வரையறுக்கப்பட வேண்டும்.

3. துறையின் பெயர் பொது இலச்சினையின் கீழ் ஒரே எழுத்துருவில் அமைதல் போதும். மன்றங்களும் விழாக்களும் தமக்கெனப் படம் வரைந்து கொள்ளலாம். அது இலச்சினையின் இடத்தில் அமர்தல் கூடாது.

4. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா இசுலாமியா போன்றவற்றின் இலச்சினைகளில் திருமறை வசனம் இடம்பெற்றுள்ளது. அத்தகைய இலச்சினையைக் காகிதக் குவளையிலும், தரையில் விழுந்து மிதிபடும் துண்டறிக்கையிலும் அச்சிடுதல் தகாது. அன்றாடப் பயனுக்கு வசனமில்லாத வடிவம் ஒன்று தேவைப்படலாம். அகமதாபாதில் எழுந்த வினா இங்கும் எழும். நாம் தரும் விடை இது: இவ்வடிவம் மறைப்பதற்காக அன்று, மதிப்பதற்காக. அதுவும் அதே வரைவிலிருந்து பிறந்து, ஆசிரியர், பெரியோர், மாணவர் அனைவரும் கலந்து முடிவு செய்ததாய் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

இலச்சினை கல்விக்கூடம் தரும் வாக்கு. வாக்கு ஒன்றாயிருக்கும்போதே கேட்போர் நம்புவர். வயலையும் நகையையும் அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த பெற்றோர், இறுதியில் கையில் பெறுவது ஒரு தாளே. அத்தாளை உலகின் எம்மூலையிலும் ஐயமின்றி ஏற்கச் செய்வது நம் கடமை. புலிப்பொறி கண்ட பொதி தடையின்றிக் கடல் கடந்தது. நம் மாணவரும் அங்ஙனமே கடல் கடப்பாராக.