நீ மருந்து ஊற்றியது தண்ணீரில்

அன்புள்ள தம்பிக்கு,

எட்டு நியான் டெட்ரா வாங்கிவந்த ஆறாம் நாள் வெண்புள்ளி கண்டதையும், பதினைந்தாம் நாள் மூன்றுதான் மிஞ்சியதையும் எழுதியிருந்தாய். தொட்டிக்குள் போன மருந்துகளையும் மறைக்காமல் எழுதியிருந்தாய். முதலில் மெத்திலீன் புளூ. புள்ளி மறைந்து திரும்பி வந்ததும் ஒரு பச்சை மருந்து, கடையில் கொடுத்த மஞ்சள் நிறப் பொடி, கடைசியாக ஒரு கைப்பிடி உப்பு, மூன்றும் இரண்டே நாளில். மீன்மேல் உனக்கு எவ்வளவு அக்கறை என்பது அதைப் படிக்கும்போதே தெரிந்தது. ஆனால் போன ஐந்தில் எத்தனை நோயால் போயின, எத்தனை மருந்தால் போயின என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாட்டுக்கு மருந்து புகட்டினால் அது அந்த மாட்டின் வயிற்றுக்குள் போகிறது. பக்கத்தில் கட்டியிருக்கும் கன்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. தொட்டியில் நாம் மருந்து விடுவது தண்ணீரில். நோயில்லாத மீனும் நத்தையும் செடியும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாவும் அதில்தான் கிடந்தாக வேண்டும். மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்தப் பாக்டீரியாதான். புதுத் தொட்டியில் அது நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மெத்திலீன் புளூ அதையும் சேர்த்துக் கொல்லும். அப்புறம் வெண்புள்ளியைத் தாங்கிப் பிழைத்த மீன்கூட அம்மோனியாவில் செவுள் வெந்து செத்துப்போகும். நாம் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் பத்துச் சொட்டு விடுவோம்.

வெண்புள்ளியை நன்றாகப் புரிந்துகொள். அதை உண்டாக்கும் ஒற்றைச்செல் உயிரிக்கு இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்று பெயர். ஃபூக்கே என்பவர் 1876-இல் வைத்தது. பல பிள்ளை பெற்ற மீன்பேன் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். உப்புத் தூவினாற்போல் நீ பார்த்த புள்ளி மீனின் மேல்தோலுக்கு உள்ளே இருக்கிறது. அங்கே மருந்து எட்டாது. தின்று கொழுத்ததும் அது தோலை விட்டு வெளியேறித் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு உள்ளே நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரை பிளந்து பெருகும். அந்தக் கூட்டுக்குள்ளும் மருந்து போகாது. கூட்டை விட்டு நீந்திவரும் குஞ்சுகளுக்கு இரண்டு நாளுக்குள் ஒரு மீன் அகப்பட வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். அவை அப்படித் தேடி அலையும் பொழுதில் மட்டும்தான் நம்மால் அவற்றைக் கொல்ல முடியும்.

ஒன்பதாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்தினாயே, அப்போது உண்மையில் நடந்தது இதுதான். புள்ளிகள் ஆறவில்லை, உதிர்ந்தன. அதிலிருந்து மூன்றாம் நாள் அவற்றின் பிள்ளைகள் ஏறி வந்தன. நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிர்ந்த நீரில் ஒரு மாதத்துக்கு மேல்கூட இழுக்கும். ஹீட்டரை மெல்ல ஏற்றி 30 டிகிரியில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். சூட்டில் கூடுகள் சீக்கிரம் திறக்கும், காத்திருக்க வேண்டிய நாள் குறையும். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறையும் என்பதால் ஏர் பம்பைக் கூட்டி வை. அயோடின் கலக்காத கல் உப்பை லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் கரைத்து, ஒரே நாளில் மூன்று தவணையாக விடு. கைப்பிடி ஓர் அளவே இல்லை, சமையல் தராசில் நிறுத்துப் போடு. தினமும் அடியில் குழாய் வைத்துக் கசடை உறிஞ்சி எடு, கூடுகள் அங்கேதான் கிடக்கும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டுமே உப்பைச் சேர், உப்பு ஆவியாகிப் போவதில்லை. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு முழு வாரம் இதை விடாதே. உப்பில் சில செடிகள் கருகும், கருகட்டும். இத்தனைக்கும் அடங்காவிட்டால் மட்டும் மாலகைட் கிரீன், டெட்ராவுக்குப் பாதி அளவு. அப்போது ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிட வேண்டும், அது மருந்தை இழுத்துக்கொள்ளும்.

இந்த முறை எல்லா நோய்க்கும் பொருந்திவிடாது. ஒரு கோடையில் என் மோலிகளின் வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாகப் படர்ந்தது. பூஞ்சை என்று நானே முடிவுகட்டி, வெண்புள்ளிக்குச் செய்வதுபோல ஹீட்டரை 30-க்கு ஏற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் பதினொன்றில் ஒன்பது மிதந்தன. அது பூஞ்சையே அல்ல, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். சூடு ஏற ஏற அது வேகமெடுக்கும். நிஜப் பூஞ்சை பெரும்பாலும் அடிபட்ட இடத்தில், நீட்டுநீட்டு இழையாக முளைக்கும். காலம்னாரிஸ் வாயிலும், முதுகில் சேணம் போட்டாற்போலவும் சாம்பல் வெள்ளையாகப் படரும். அன்று அரைமணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். அந்த மோலிகள் நான் குஞ்சிலிருந்து வளர்த்தவை.

அதனால் இனி ஒரு மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றால், மருந்து அலமாரிக்குப் போகாதே. முதலில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் டெஸ்ட் கிட்டில் பார். இரண்டில் ஒன்று காட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று. மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாய் பிளந்தால் பாதி நேரம் நோயே இருக்காது, தண்ணீர்தான் கெட்டிருக்கும். தீனியை இரண்டு நாள் நிறுத்தினால் மீன் சாகாது. ஒரு சமயத்தில் ஒரு மருந்துதான், அதுவும் எதற்கு என்று உன்னால் சொல்ல முடிந்தால் மட்டும். மஞ்சள் பொடியின் பாக்கெட்டில் பெயரே இல்லை என்கிறாய். அது ஆன்டிபயாட்டிக்காக இருந்தால், தேவையில்லாமல் விட்ட ஒவ்வொரு முறையும் உன் தொட்டியில் இருக்கும் கிருமிகளை அந்த மருந்துக்குப் பழக்கியிருக்கிறாய். அதைத் தூக்கிப் போடு.

புது மீன் விஷயத்துக்கு வருகிறேன். கொளத்தூரில் கடைக்குக் கடை தொட்டிகள் பளபளக்கும்போது கை சும்மா இருக்காது, எனக்கும் இருந்ததில்லை. ஆனால் ஒரு மீனைக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தொட்டி முழுவதையும் பார். ஒன்று செத்துக் கிடந்தாலும், ஒன்று கல்லில் உரசிக்கொண்டாலும், மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதே. வாங்கிய மீன் உன் பெரிய தொட்டிக்கு நேரே போகக் கூடாது. 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். மணல் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி பைப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே மூடி. அதில் 28 நாள். வலையும் குழாயும் வாளியும் அந்த டப்புக்கென்று தனியாக இருக்கட்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டி, டப் இரண்டிலும் கையை விடாதே. மீனிடமிருந்து மனிதத் தோலில் தொற்றி மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும் பாக்டீரியா உண்டு.

கவரை மணிக்கணக்கில் மிதக்க விடும் பழக்கத்தையும் விட்டுவிடு. நெடுந்தூரம் வந்த கவருக்குள் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அதனாலேயே அதிலுள்ள அம்மோனியா அதிகம் கடிக்காமல் கிடக்கும். கவரைப் பிரித்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அதே அம்மோனியா விஷமாகும். சூடு சமப்படக் கால்மணி நேரம் மூடியபடியே மிதக்கவிட்டு, பிரித்த பிறகு தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்து டப்பில் விடு. கவர் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும். கடைத் தண்ணீருக்கும் உன் போர் தண்ணீருக்கும் உப்பில் பெரிய வித்தியாசம் இருந்தால், டப்பை முதலில் கடைத் தண்ணீரின் அளவுக்குத் தயார் செய்து, பிறகு சில நாளில் மெல்ல உன் தண்ணீருக்குக் கொண்டுவா.

மிஞ்சிய மூன்று டெட்ராவையும் இப்போதைக்கு இடம் மாற்ற வேண்டாம். கூடுகள் உன் பெரிய தொட்டியின் மணலில்தான் கிடக்கின்றன, வைத்தியமும் அங்கேதான் நடக்க வேண்டும். பழைய மருந்து போக இன்றும் நாளையும் கால் பங்கு தண்ணீர் மாற்று, பிறகு உப்பும் சூடும். உன் ஃபில்டரில் பாக்டீரியா மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். என் தொட்டியில் எட்டு மாதமாகப் புது மீன் எதுவும் விடவில்லை, அதில் ஊறிய ஸ்பாஞ்ச் ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியுள்ள டப்பா ஒன்று எடுத்துக்கொண்டு வா. என் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துத் தருகிறேன். வழியில் காயவிடாதே, அழுக்காக இருக்கிறதே என்று குழாய்த் தண்ணீரில் அலசியும் விடாதே. குளோரின் பட்டால் அதில் இருப்பவை போய்விடும்.

அன்புடன்,
அண்ணன்