எட்டு லோடு மணல்

மீன்சுருட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இன்ஜினியர் ஆன பிறகும் உன்னைப் பாப்பா என்று கூப்பிடலாமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "எனக்கு மட்டும் மேடம் என்றா வாயில் வருகிறது?" என்றார். அதனால் பழையபடியே.

கங்கைகொண்ட சோழபுரம் வீட்டுக்கு நீ போட்ட எஸ்டிமேட்டை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்தில். இரண்டாம் தடவை, நாலாம் பக்கத்தில் கண் நின்றுவிட்டதால். அங்கே எழுதியிருக்கிறாய்: "மணல் – 8 லோடு." கடைசிப் பக்கத்தில் தோட்டத்துக்கும் நடைபாதைக்கும் கீழே இன்னொன்று: "மணல் – தேவையான அளவு."

இந்த இரண்டு வரிக்காகத்தான் கடிதம். மற்றதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கம்பிக் கணக்கெல்லாம் என்னைவிட நன்றாகவே போடுகிறாய்.

சிமென்டுக்கு மூட்டை எண்ணியிருக்கிறாய். கம்பிக்கு மில்லிமீட்டர் வாரியாகக் கிலோ. மின்விசிறிக் கொக்கிக்குக்கூட எண்ணிக்கை. மணலுக்கு மட்டும் லோடா? ஆறு சக்கர டிப்பரில் 2 யூனிட் வந்தாலும் லோடு, டாரஸ் லாரியில் 6 யூனிட் வந்தாலும் லோடு. உன் 8 லோடு 16 யூனிட்டாகவும் இருக்கலாம், 48 யூனிட்டாகவும் இருக்கலாம். வீட்டுக்காரர் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு மணல் வியாபாரியிடம் போனால், வியாபாரி உன் போட்டோவை வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைப்பார். ஒரு யூனிட் 100 கன அடி என்று தெரியாதவளா நீ? தெரிந்தும் எழுதவில்லையே என்றுதான் எரிச்சல்.

லாரி வந்ததும் கொட்டச் சொல்லாதே. டேப்போடு மேலே ஏறு. பெட்டியின் உள்ளளவை எடு: நீளம் 12 அடி, அகலம் 7 அடி என்று வை. உயரத்தைப் பக்கப் பலகையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. நடுவில் கோபுரமாகக் குவித்திருப்பார்கள், மூலையில் பள்ளமாகக் கிடக்கும். எட்டு எம்.எம். கம்பித் துண்டு ஒன்றை நாலு மூலையிலும் நடுவிலும் அடித்தகடு தட்டும்வரை குத்து. ஐந்து ஆழத்தையும் கூட்டி ஐந்தால் வகு. சராசரி 3 அடி வந்தால் 252 கன அடி. டிரைவர் "மூணு யூனிட்" என்பார். மீதி அரை யூனிட் எந்த ஊரில் இறங்கியது என்று அவருக்கும் தெரியாது.

இப்போது என் பைத்தியத்துக்கு வருகிறேன். உன் அப்பா இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்.

ஈர மணல் பொங்கும். மணலுக்கு மணல் நடுவே தண்ணீர் மெல்லிய ஏடாக நின்று ஒன்றையொன்று தள்ளிவைக்கும். எடையில் 5 சதவீதம் ஈரம் இருந்தாலே கன அளவு 20, 25 சதவீதம் கூடிவிடும். பொடிமணலாக இருந்தால் இன்னும் கூடும். அதே மணலை முழுக்க நனைத்துவிடு, அடங்கிப்போய்ப் பழைய அளவுக்கே வந்துவிடும். சோதிக்க ஆய்வகம் வேண்டாம். பழைய பெயின்ட் டப்பா ஒன்றில் மணலைத் தளர்வாக நிரப்பி வழித்துவிடு. உயரம் 20 சென்டிமீட்டர் என்று வை. மணலைச் சட்டியில் கொட்டு. டப்பாவில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போட்டுக் குச்சியால் கிளறு. 16 சென்டிமீட்டரில் நின்றால், 16-க்கு 4 பொங்கியிருந்தது என்று கணக்கு. 25 சதவீதம். 250 கன அடிக்கு நீ எண்ணிக் கொடுத்த பணத்தில் மணல் 200 கன அடிதான். மீதிக்குக் காற்றை வாங்கியிருக்கிறாய்.

அப்படியானால் எடை போட்டு வாங்கலாமே என்பாய். பாறையை உடைத்துக் கழுவிய எம்-சாண்ட் நீர் சொட்டச் சொட்டத்தான் எடைமேடையில் ஏறுகிறது. அளவில் வாங்கினால் காற்றுக்குக் காசு, எடையில் வாங்கினால் தண்ணீருக்குக் காசு. எதில் வாங்குகிறோம், எவ்வளவு கழிவு என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே பேசிவிடு. போனில் பேசினால் அது வியாபாரம், லாரி வாசலில் நிற்கும்போது பேசினால் சண்டை. காசு போனால்கூடப் போகட்டும். பெட்டியால் அளந்து கலவை போடும் இடத்தில், பொங்கிய மணலை அப்படியே அள்ளிப் போட்டால் கலவையில் மணல் குறையும். ஜல்லி இடுக்கில் சாந்து நிறையாது. பலகையைப் பிரித்ததும் பொத்தல் பொத்தலாகத் தெரியும். அப்போது கொத்தனாரைத் திட்டாதே.

அடுத்தது அந்த "மணல்" என்ற சொல். எந்த மணல்? எதற்கு மணல்?

நீ வீடு கட்டப்போகும் இடத்திலிருந்து மாளிகைமேட்டுக்கு நடந்தே போகலாம். ராஜேந்திர சோழனின் அரண்மனை அடித்தளத்தைத் தொல்லியல் துறை தோண்டியெடுத்த இடம். வெளிச்சுவர்கள் 1.10 மீட்டர் கனம். இரண்டு சுவருக்கு நடுவே 45 சென்டிமீட்டர் இடைவெளி, அதில் நுண்மணல் நிரப்பியிருந்தார்கள். உள்ளே குளுமையாக இருக்கட்டும் என்று செய்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் ஊரில் ஒருவன், இந்த இடைவெளிக்குப் பருமணல் ஆகாது, நுண்மணல்தான் வேண்டும் என்று முடிவு செய்து ஆளை அனுப்பியிருக்கிறான். அவன் "மணல் 8 லோடு" என்று ஓலை எழுதியிருந்தால் என்ன வந்து இறங்கியிருக்குமோ!

உன் இரண்டு வரியை நான் ஐந்தாகப் பிரிக்கிறேன். பேஸ்மென்ட் நிரப்பக் கிராவல் போதும், அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். அதில் எம்-சாண்டைக் கொட்டுவது நெய்யை ஊற்றிக் கைகழுவுவது. கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட். கட்டு வேலைக்கு அதையே சலித்துப் போடலாம். பூச்சுக்குப் பி-சாண்ட், அதுவும் கட்டு வேலை முடிகிற வாரத்தில் வரட்டும். முன்னாலேயே இறக்கினால் சித்தாள் அவசரத்துக்கு அதை அள்ளிக் கான்கிரீட்டில் போட்டுவிடுவாள், தப்பு அவளுடையது இல்லை. ஐந்தாவது தோட்டம், அதற்குப் பிறகு வருகிறேன்.

எம்-சாண்ட் என்று எழுதினாலும் போதாது. பாறையைக் கட்டம் கட்டமாக உடைத்து, கடைசியில் கல்லோடு கல்லை மோதவிட்டு முனை மழுக்கி, சலித்துக் கழுவி எடுப்பதுதான் எம்-சாண்ட். ஜல்லி உடைக்கும்போது கீழே மிஞ்சுவது கிரஷர் தூள். சாம்பல் நிறத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், தூளில் தட்டையும் பொடியும் அதிகம். ஐ.எஸ். 383-க்கு உட்பட்டது என்று ஆர்டரிலேயே எழுது. பொதுப்பணித் துறை தரச்சான்று பெற்ற கிரஷரா என்று கேள். நடைச்சீட்டு இல்லாத வண்டியை வாசலில் ஏற்றாதே. சான்று கிரஷருக்குக் கிடைத்தது, வாசலில் நிற்கும் லாரிக்கு இல்லை. அந்த லாரிக்கு உன் கைதான் சான்று.

எங்கள் காலத்தில் கைதான் எல்லாமே. 1980-களில் கொள்ளிடத்து மணல் அணைக்கரைப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் வரும். விடியற்காலையில் சக்கரத்தில் ஈரம் சொட்டும். என் மேஸ்திரி ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டு விரிப்பார். உள்ளங்கையில் மண் கறை ஒட்டினால் வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார். ஒட்டாவிட்டால் காதோரம் வைத்துத் தேய்ப்பார். கரகரவென்று கேட்க வேண்டும். வண்டிக்காரர் அதுவரை மாட்டை அவிழ்க்கமாட்டார். தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பார்.

அப்புறம் வண்டி போய் லாரி வந்தது. 2003-ல் ஆற்றுமணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டது. 2017-ல் ஆறு மாதத்துக்குள் குவாரிகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, தூத்துக்குடித் துறைமுகத்தில் மலேசிய மணல் வந்து இறங்கியது. கொள்ளிடக் கரையில் பிறந்தவன் கப்பல் மணலுக்கு விலை விசாரித்தேன், அதையும் பார்த்தாயிற்று. இப்போது பெரம்பலூர்ப் பக்கத்துக் கிரஷர்தான் நமக்கு ஆறு. 2007-ல் பெரம்பலூரிலிருந்து நம் மாவட்டம் பிரிந்தபோது கருங்கல்லை அவர்களும் சுண்ணாம்புக்கல்லை நாமும் எடுத்துக்கொண்டோம். சிமென்ட் ஆலைகள் கொல்லைப்புறத்தில், மணல் அடுத்த மாவட்டத்தில்.

மணலைப் பற்றி நான் இவ்வளவு கத்துவதற்குக் காரணம் உண்டு. 1991-ல் ஜெயங்கொண்டத்தில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டது, மணல் வண்டி வரவில்லை. கிருகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. பக்கத்து ஏரியில் பார்வைக்கு நயமான மணல் கிடந்தது, எடுத்துப் பூசினேன். கட்டை போட்டதும் கண்ணாடி மாதிரி வந்தது. உன் அப்பா அன்றைக்கே, "அண்ணே, கையில் ஒட்டுதே" என்றார். நான் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் சுவர் முழுக்க வறண்ட ஏரித்தரை மாதிரி வெடித்துவிட்டது. கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் உப்புத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்திருந்தால் தெரிந்திருக்கும், மேலே படியும் வண்டல் எவ்வளவு என்று. நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் வேண்டாம் என்பது ஆற்றுமணலுக்கு நாங்கள் வைத்த கோடு. (எம்-சாண்டில் படிவது பெரும்பாலும் கல் தூள். களிமண் வேறு, அது வேறு. ஒரே கோட்டால் இரண்டையும் அளக்காதே.) கொத்திவிட்டு மறுபடி பூசியது என் செலவு. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பக்கத்தில் கிடைக்கிறது என்பதற்காக எடுப்பது நம் ஊருக்குப் பழக்கமான வியாதி. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கல்லுக்கு எங்கே போவது என்று யோசித்தவர்கள் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் கருங்கல் மதிலைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்துத் தண்டனை வாங்கியதுதான் மிச்சம். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போயிற்று என்று அந்த நூற்றாண்டுக் குறிப்பே சொல்கிறது. அணையால் வயல் விளைந்ததை நான் மறுக்கவில்லை, என் பாட்டன் சோறு அதில் வந்ததுதான். ஆனால் அந்த அணைக்குக் கீழே மணல் அள்ளியவர்கள் நாங்கள். அதே யோசனை, அதே சோம்பல்.

தோட்டத்துக்கு வருவோம். "தேவையான அளவு" என்று எழுதுவதற்கு எஸ்டிமேட் எதற்கு? பேவர் பிளாக் நடைபாதை 300 சதுர அடி போட்டிருக்கிறாய். அடியில் 2 அங்குல மணல் மெத்தை என்றால் 50 கன அடி. இடித்து அமுங்குவதற்கு நாலில் ஒரு பங்கு கூட்டினால் 62, 63. முக்கால் யூனிட் வாங்கினால் தாராளம். பருவெட்டாக, தூள் கழுவியதாக இருக்கட்டும். விலை மலிவு என்று கிரஷர் தூளைப் போட்டால் அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இரண்டு ஐப்பசி தாண்டுவதற்குள் வாசல் அலை அலையாக இறங்கும். இடுக்கில் நிரப்பக் காய்ந்த பொடிமணல் தனியாக இரண்டு மூட்டை. செடிக்குழிக்கு இருக்கிற களிமண்ணில் இரண்டு கூடை மணலைக் கலந்துவிட்டால் இளகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, செங்கல் அறுக்கத்தான் அது ஆகும். தொழுவுரத்தைக் கூட்டு.

கொட்டுகிற இடத்தையும் வரைபடத்தில் குறி. வெறும் தரையில் கொட்டினால் அடிமணலில் அரையடி மண்ணோடு போகும். கீழே பழைய தார்ப்பாய், மேலே இன்னொன்று. தெருநாய்க்கும் பூனைக்கும் மணல்மேடு என்றால் என்னவென்று உனக்கே தெரியும்.

திட்டியாயிற்று. இதையும் கேள். கோயில் எல்லையிலிருந்து 100 மீட்டர் தாண்டி அடுத்த 200 மீட்டருக்குள் மனை வருகிறது, முன் அனுமதி வாங்காமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக்கூடாது என்று முதல் பக்கத்து முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எத்தனை பேர் பாதிச் சுவர் எழுப்பிய பிறகு நோட்டீஸ் வாங்கிக்கொண்டு ஓடினார்கள் தெரியுமா? சமையலறை ஜன்னலை இரண்டடி நகர்த்தி, அடுப்படியில் நிற்கும் அம்மாளுக்குக் கோயில் விமானம் தெரியும்படி வைத்திருக்கிறாய். நாற்பது வருஷம் இந்தச் சுற்றுவட்டத்தில் வீடு கட்டினேன், எனக்கு ஒரு தடவையும் தோன்றவில்லை. சமையலறை ஜன்னல் என்றால் புகை போக என்றுதான் நினைத்திருந்தேன்.

எஸ்டிமேட்டைத் திருப்பி அனுப்புகிறேன். நாலாம் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன், அதைப் புதிதாக எழுது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது டேப்பும் ஒரு பெயின்ட் டப்பாவும் எடுத்து வா. பக்கத்து வீட்டுக்காரர் நேற்று ராத்திரி மூணு யூனிட் என்று சொல்லி ஒரு லோடு இறக்கியிருக்கிறார். இன்னும் ஈரம் காயவில்லை.

அன்புடன்,
உன் அப்பாவின் பழைய மேஸ்திரி