பூசணி விதை முளைக்காதது ஏன்?

சென்ற ஆடி மாதத்தில், கானாடுகாத்தான் பக்கத்துச் சங்கம் ஒன்றின் கூட்டத்திற்கு நாம் போயிருந்தோம். கணக்கு வாசித்து முடிவதற்குள் ஓர் அங்கத்தினர் எழுந்து, “ஐயா, சங்கத்தில் வாங்கிய பூசணி விதை பத்துக் குழியில் ஏழு குழி முளைக்கவில்லை. பருவம் போய்விட்டது. யார் பொறுப்பு?” என்று கேட்டார். அவர் கைத்தறி நெசவாளர். கொல்லையில் அவர் மனைவியார் காய் பயிரிடுகிறார். “நூல் வராமல் தறி நிற்கும் மாதத்தில் எங்கள் வீட்டில் உலை வைப்பது பூசணியும் வெள்ளரியுந்தான்” என்றும் சொன்னார். வேறு சிலரும் அதையே கூறவே, காரியதரிசி முகம் வாடி நின்றார்.

அன்று யாரையும் குற்றம் கூறாமல், சோதித்துப் பார்த்த பின்னரே பேசுவது என்று முடிவாயிற்று. அச்சோதனை தந்த பாடத்தையே இங்கு எழுதுகிறோம். பூசணிக்குச் சொல்வது வெள்ளரி, சுரை, பீர்க்கு, புடல், பாகல் ஆகியவற்றுக்கும், இப்போது நகரங்களில் விலைபோகும் சுக்கினிக்கும் பொருந்தும். இவை யாவும் ஒரே குடும்பம்.

1. முதலில் விதையைச் சோதித்தல்

பாவைத் தறியில் ஏற்றுமுன் நூலை இழுத்துப் பார்க்காத நெசவாளர் இல்லை. ஆனால் விதையை மட்டும் நம்பிக்கையின் பேரில் குழியில் இடுகிறோம். சோதனை எளிது. 50 விதைகளைப் பொறுக்காமல் வருகிறபடியே எண்ணி எடுக்கவும். பருத்தித் துணியை நனைத்து, நீர் சொட்டாதபடி பிழிந்து, விதைகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்பிச் சுருட்டி, மூடிய பானையில் வைக்கவும். நான்காம் நாளும் எட்டாம் நாளும் முளைகளை எண்ணவும். சுரைக்கும் பாகலுக்கும் பதினான்கு நாள் பொறுக்க வேண்டும். துணி காயவும் கூடாது. நீர் தேங்கவும் கூடாது. ஈரம் மிகுந்தால் விதைக்குக் காற்றுக் கிட்டாமல் நல்ல விதையும் அழுகும்.

சான்று பெறும் பூசணி, வெள்ளரி இனங்களுக்கு நம் நாட்டு விதிப்படி குறைந்த முளைப்புத் திறன் நூற்றுக்கு 60. அதாவது 50-க்கு 30 முளைத்தாக வேண்டும். குழிக்கு ஐந்து விதை இட்டால் சராசரி மூன்று வரும். அவற்றுள் வலுவான இரண்டை விட்டு மற்றதைப் பிடுங்கலாம். நூற்றுக்கு 40 மட்டுமே முளைக்கும் விதையானால் ஐந்துக்கு இரண்டே தேறும். எறும்புக்கும் அணிலுக்கும் போனால் குழி வெறுமைதான். துணியில் முளைப்பதெல்லாம் மண்ணைத் துளைத்து வெளிவருவதும் இல்லை. ஆகையால் கணக்கைச் சற்றுக் குறைத்தே போடுக.

அச்சங்கத்தில் செய்த சோதனையில், அங்கத்தினர் வீட்டில் மீதமிருந்த உறையிலிருந்து 50-க்கு 41 முளைத்தன. சங்கப் பண்டகசாலையில், தகரக் கூரையின் கீழ் உர மூட்டைகளின் அருகே திறந்து கிடந்த அதே சரக்கில் 19-தான் முளைத்தன.

2. பின்னர்க் குழியைத் தோண்டிப் பார்த்தல்

விதைத்து எட்டு நாளாகியும் முளை தோன்றாவிட்டால், மறுபடியும் விதைக்குமுன் ஒரு குழியைக் கையால் கிளறிப் பார்க்க வேண்டும். நோய் இன்னதென்று விதையே சொல்லும்.

விதையே காணோம் என்றால், எறும்போ அணிலோ எலியோ கொண்டு போயிற்று. முளை வரும்வரை குழியை முள்ளால் மூடுக.

விதை காய்ந்து கல்போல் கிடந்தால், ஈரம் உள்ளே புகவில்லை. பாகலில் இது மிகுதி. அதன் ஓடு தடித்தது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து வடித்து விதைக்கலாம். அதற்கு மேல் நீரில் கிடத்தலாகாது.

விதை ஊதி, கொழகொழத்து, நாறினால், ஒன்று அது முன்பே செத்த விதை. அல்லது நீர் தேங்கி அழுகிய விதை. எது என்பதைத் துணிச் சோதனை காட்டிவிடும். மக்காத சாணத்தை இட்ட குழியிலும் சூட்டினால் விதை கெடும்.

முளை வந்து, மண்ணுக்குள்ளேயே வளைந்து கிடந்தால், மேல்மண் இறுகி விட்டது. நம் செம்மண்ணின் பெருங்குறை இதுவே. ஆடியில் ஒரு மாலை மழை பெய்து மறுநாள் வெயில் காய்ந்தால், மேலே ஓடு கட்டிக்கொள்கிறது.

முளை வெளிவந்தும் விதையிலைகள் ஓட்டிலிருந்து விடுபடவில்லையென்றால், ஆழம் போதாது. பூசணி முளையின் அடியில் சிறு முளைப்பு ஒன்று உண்டு. அது ஓட்டின் கீழ்விளிம்பைப் பிடித்துக்கொள்ள, தண்டு நிமிர்ந்து இலைகளை வெளியே இழுக்கிறது. சார்லஸ் டார்வின் 1880-இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்துள்ளார். மேலே ஈரமண் போதிய கனத்தில் இருந்தாலன்றி இவ்வேலை நன்கு நடவாது.

முளைத்தபின் இலை சல்லடையானால் சிவப்புப் பூசணி வண்டு. தண்டு அடியில் நைந்து சாய்ந்தால் நாற்றழுகல் நோய். இவ்விரண்டும் முளைப்புக் குறை அல்ல.

மேற்சொன்ன அங்கத்தினரின் குழிகளில் பாதியில் முளை ஓட்டுமண்ணின் கீழ் மடங்கிக் கிடந்தது. சிலவற்றில் தினமும் குடம் குடமாய் ஊற்றிய நீரால் விதை அழுகியிருந்தது. அவர் வாங்கிய விதை நல்லதே. ஆனால் பண்டகசாலையில் மிஞ்சிய சரக்குக் கெட்டதும் உண்மையே. பிழை இரு பக்கமும் இருந்தது.

3. செய்ய வேண்டிய முறை

குழிக்குப் 10 கிலோ நன்கு மக்கிய தொழு உரமிட்டு மண்ணோடு கலக்கவும். முதல்நாளே நீர் பாய்ச்சி, மறுநாள் கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதத்தில் விதைக்கவும். கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் கலப்பது நாற்றழுகலைத் தடுக்கும். ஆழம் விரலின் முதற்கணு அளவு. வெள்ளரிக்குச் சற்றுக் குறைவு. மேலே செம்மண்ணை மூடாமல், மணலும் மக்கிய எருவும் கலந்து மூடினால் ஓடு கட்டாது. பனையோலையால் நிழல் தந்து, முளை தலைகாட்டியதும் எடுத்துவிடவும். ஈரம் குறைந்தால் தெளித்தால் போதும்.

சொந்தமாய் விதை எடுப்போர், காயைக் கொடியிலேயே முழுதும் முதிரவிட்டு, பறித்த பின்னும் சில வாரம் வைத்திருந்து விதை எடுக்க வேண்டும். கறிக்குப் பறிக்கும் பிஞ்சு வெள்ளரியின் விதை முளைக்காது. நம் பாட்டிமார் விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்ததும், சாணத்தில் பொதிந்து சுவரில் தட்டியதும் ஈரமும் பூச்சியும் அண்டாமைக்கே. விதையின் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதைநூலார் கண்ட பொதுவிதி.

4. சங்கத்தின் கடமை

சரக்கு வந்தவுடன் உறையிலுள்ள சோதனைத் தேதியைப் பார்க்க வேண்டும். அத்தேதியிலிருந்து ஒன்பது மாதமே அச்சீட்டுச் செல்லும். உரத்தோடும் தகரத்தின் கீழும் விதையை வைக்கலாகாது. விநியோகத்திற்குமுன் 50 விதைச் சோதனை செய்து, முடிவைப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். அங்கத்தினரும் உறை, ரசீது, ஒரு பிடி விதை ஆகியவற்றை முளைக்கும்வரை பத்திரப்படுத்துக. இவை கையிலிருந்தால்தான் 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டப்படி விதை ஆய்வாளரிடம் முறையிடும்போது வழக்கு நிற்கும்.

அச்சங்கத்தார் கெட்ட சரக்கை நீக்கி, தைப்பட்டத்திற்குச் சோதித்த விதையே தருவதென்று தீர்மானித்தனர். எழுந்து கேட்ட அங்கத்தினரே சோதனைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கேள்வி கேட்பவர் வேலையையும் ஏற்கும் இடமே கூட்டுறவு.

படிப்பு வட்டத்தில் ஆராய: (1) நம் சங்கத்தில் விதை எங்கே வைக்கப்படுகிறது? (2) 50-க்கு 24 முளைத்தால் குழிக்கு எத்தனை விதை இடுவீர்? (3) முளைக்காத குழியை நீங்கள் கடைசியாகக் கிளறிப் பார்த்தது எப்போது?