மோட்டார் வண்டிக்கு மாற்று இயந்திரம் தெரிதல்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சார்ந்து பிள்ளைச்சாவடி என்னும் ஊர் உளது. 1984-ஆம் ஆண்டில் பொறியியற் கல்லூரியாய்த் தோன்றி, இந்நாளில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாய் வளர்ந்த கல்விச்சாலை அவ்வூரிலேயே அமைந்துள்ளது. பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்கிச் செப்பஞ்செய்து, அதன்கண் பேராற்றல் வாய்ந்த இயந்திரத்தை ஏற்றி இத்தகைய நெடுஞ்சாலைகளில் ஓட்ட விழையும் இளைஞர் இக்காலத்தே பலராவர். அவ்வியந்திரம் பழுதுற்று ஒழியுமாயின், அதற்கு ஈடாக எதனைத் தெரிவது? வினா சிறிதெனினும், பெற்றோர் ஈட்டிய பொருளும், வண்டியில் அமர்வோர் உயிரும், வழிச்செல்வோர் உயிரும் இதனைப் பற்றி நிற்றலின், இதனை யாம் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சியில் உரிமை யாது எனச் சிலர் வினவக்கூடும். திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை ஆகிய நான்கினையும் சீர்தூக்குமாறு வள்ளுவனார் ஆண்டுக் கூறுகின்றார். மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதும் அவ்வதிகாரத்ததே. ஆதலின் அந்நான்கினையுமே அளவுகோலாகக் கொள்வாம்.

முதலாவது, செயலின் வலிமை. இயந்திரத்தின் ஆற்றலைக் குதிரைத்திறன் என்னும் அளவால் குறிப்பர். 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓரடி உயர்த்தும் ஆற்றலே ஒரு குதிரைத்திறன் என ஜேம்ஸ் வாட் என்பார் வரையறுத்தார். அஃது ஏறக்குறைய 746 வாட் ஆகும். இவ்வாற்றல் முறுக்குவிசையும் சுழல்வேகமும் பெருக்க வருவது. ஆகவே 150 குதிரைத்திறன் என்னும் ஒரே எண்ணுடைய இயந்திரங்கள் இரண்டனுள், ஒன்று மெல்லச் சுழலும்போதே வலிதாய் இழுக்கும். மற்றொன்று மிகவிரைந்து சுழன்றாலன்றி இழுக்கமாட்டாது. நகர்த்தெருவில் நின்று நின்று செல்லும் வண்டிக்கு முன்னதும், பந்தயத்தடத்தில் ஓடும் வண்டிக்குப் பின்னதும் ஏற்கும். எண்ணை மட்டும் நோக்கித் தெரிவார் இவ்வேறுபாட்டினை இழப்பர்.

இனி, பழைய இயந்திரம் யாது காரணத்தால் அழிந்தது என்பதை ஆராயாமல் புதியதை வாங்குதல் கூடாது. எண்ணெய் சரிவர ஓடாமையாலோ, ரேடியேட்டர் அடைபட்டமையாலோ, எரிபொருள் குறைவாகச் சென்றமையாலோ அஃது அழிந்திருப்பின், அக்குறை வண்டியிலேயே தங்கியிருக்கும். புதியதும் அவ்வழியே மாளும். நோய்முதல் நாடாது மருந்து கொடுப்பார் செயலே இதுவும்.

தெரிதற்குரிய வழிகள் நான்கு. பழைய இயந்திரத்தையே பிரித்துப் புதுக்குதல் ஒன்று. அதே வகையில் வேறொன்றை வாங்குதல் இரண்டு. அவ்வுற்பத்தியாளரது பெரிய இயந்திரத்தை ஏற்றுதல் மூன்று. முற்றிலும் வேறான இயந்திரத்தை ஏற்றுதல் நான்கு. முன்னிரண்டனில் தாங்கிகளும், கியர்ப்பெட்டியும், மின்கம்பிகளும் பெரும்பாலும் மாறா. பின்னிரண்டனில் ஒன்றை மாற்ற ஒன்பதை மாற்ற நேரும். பயன்பட்ட இயந்திரத்தை வாங்குவோர், ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்து, எண்ணெயில் நீர் கலந்துளதா எனக் கண்டு, இயந்திர எண்ணுக்குரிய சான்றுகளையும் கேட்டுப் பெறல் வேண்டும்.

இரண்டாவது, துணையின் வலிமை. இதற்கு நம் நாட்டு அம்பாசிடர் வண்டியே தக்க சான்று. 1950-களின் இறுதியில் அது வெளிவந்தபோது 1,476 கன சென்டிமீட்டர் அளவுடைய பழைய அமைப்பு இயந்திரத்தைப் பெற்றிருந்தது. 1959-ஆம் ஆண்டில் 1,489 அளவுடையதும், வால்வுகள் மேலே அமைந்ததுமான இயந்திரம் அதன் இடத்தைக் கொண்டது. 1990-களின் தொடக்கத்தில், 1,817 அளவுடைய இசுசு இயந்திரம் அவ்வுடலிலேயே ஏற்றப்பட்டது. அப்போது இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இயந்திரத்தோடு ஐந்து கியர் உடைய பெட்டியையும் உடன் அமைத்தனர் என்பது நாம் கருதத்தக்கது. அந்நிறுவனத்தாரது கான்டெசா வண்டியும், தன் பெரிய உடலுக்குப் போதாத 1,489 இயந்திரத்தை முதலிற் பெற்றிருந்து, பின்னரே இசுசு இயந்திரத்தையும் ஐந்து கியரையும் பெற்றுப் பொலிவடைந்தது. இயந்திரம் தனித்து வருவதன்று. கிளட்ச், கியர்ப்பெட்டி, அச்சு, பிரேக் ஆகிய சுற்றத்தோடு வருவது. அவற்றுள் மெலிந்தது எதுவோ அதுவே வண்டியின் உண்மை வலிமை.

மூன்றாவது, எதிரியின் வலிமை. வேகத்திற்கு முதற்பகை காற்று. வேகம் இருமடங்காயின், காற்றை எதிர்த்தற்குரிய ஆற்றல் எண்மடங்கு வேண்டும். அடுத்த பகை வெப்பம். எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையே பெட்ரோல் இயந்திரத்தில் வேலையாக மாறும். எஞ்சியது புகைவழியும் குளிர்நீர்வழியும் வெளியேற வேண்டும். ஆகவே ஆற்றல் மிகுந்தால் ரேடியேட்டரும் பெரிதாதல் வேண்டும்; நம் கோடையிலோ இது மிகவும் இன்றியமையாதது. கடற்கரையூர்களில் உப்புக்காற்று இரும்பையும் மின்னிணைப்புகளையும் அரிக்கும். இந்நாளில் நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலக்கப்படுதலின், பழைய இயந்திரத்தின் ரப்பர்க் குழாய்கள் அதனைத் தாங்குமா என்பதையும் நோக்கல் வேண்டும்.

வேகம் இயந்திரப் பெருமையால் மட்டும் வருவதன்று என்பதைக் கோயம்புத்தூர்க் கரிவரதன் அவர்கள் செயலிற் காட்டினார். அவர் 796 கன சென்டிமீட்டர் அளவேயுடைய மாருதி 800 இயந்திரத்தை இலேசான பந்தய வண்டியில் அமைத்து, ஃபார்முலா மாருதி என்னும் வகையைத் தோற்றுவித்தார். எடையைக் குறைத்தலும் ஆற்றலைக் கூட்டுதலேயாம்.

நான்காவது, தன் வலிமை. இது பொருளையும், பொறுப்பையும், அடக்கத்தையும் குறிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தினின்றும் நிற்கப் பிரேக் கொள்ளும் தொலைவைப்போல் நான்கு மடங்கு, 120 கிலோமீட்டர் வேகத்தினின்றும் நிற்க வேண்டும். பிரேக்கைக் கருதாது இயந்திரத்தைப் பெருக்குவோர் தமக்கே அன்றிப் பிறர்க்கும் தீங்கு சூழ்வோராவர். சட்டமும் இதனைக் காக்கின்றது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது; 2019-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இதனை வற்புறுத்தியது. இயந்திர எண் பதிவுச் சான்றிதழில் உளதாதலின், அதே வகை இயந்திரத்தை ஏற்றுவோரும் பதிவதிகாரியின் ஒப்புதலைப் பெறல் வேண்டும். மிகுவேகம் விழைவார்க்கு 1990-இல் திறக்கப்பெற்ற இருங்காட்டுக்கோட்டைத் தடமும், கோயம்புத்தூரில் கரிவரதன் பெயரால் விளங்கும் தடமும் உள. மீனவர் மகளிர் கூடை சுமந்து கடக்கும் கடற்கரைச் சாலை அதற்கு உரியதன்று.

கோபுரம் கட்ட நினைப்போன் முதற்கண் அமர்ந்து செலவைக் கணக்கிடுவான் என்றும், புதிய ரசத்தைப் பழந்துருத்தியில் வார்த்தால் இரண்டும் கெடும் என்றும் நம் ஆண்டவர் அருளிய உவமைகள் இவ்விடத்துப் பெரிதும் பொருந்துவன. இயந்திரத்தின் விலையோடு, அதனைத் தாங்குவன அனைத்தின் விலையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுக. கூட்டுத்தொகை கைப்பொருளுக்கு அடங்குமாயின் முயல்க. அடங்காதாயின் பழைய இயந்திரத்தையே செம்மையாய்ப் புதுக்குக. பெரிய இயந்திரத்தை அரைகுறையாய் ஏற்றிய வண்டியினும், சிறியதைச் செவ்வனே பெற்ற வண்டி நெடுநாள் ஓடும். ஓட்டுவோனையும் இல்லத்திற் கொண்டு சேர்க்கும்.