இருவகை உரங்கள்

மக்கள் உயிர்வாழ இன்றியமையாதது உணவு. அவ்வுணவைத் தருவது நிலம். ஒவ்வொரு போகத்திலும் பயிர் தனக்கு வேண்டிய சத்துக்களை மண்ணினின்றும் எடுத்துக்கொள்ளுகின்றது. நெல்லும் வைக்கோலும் களத்தை அடையும்போது அச்சத்துக்களும் நிலத்தை விட்டு நீங்குகின்றன. எடுத்ததைத் திருப்பிக் கொடாவிடின், எத்துணை வளமான நிலமும் நாளடைவில் இளைத்துப்போகும். இதனை நன்கறிந்த திருவள்ளுவர், உழவு என்னும் அதிகாரத்தில், உழுவதைக் காட்டிலும் உரமிடுதலே சிறப்புடையது என்று கூறியுள்ளார்.

உரம் இருவகைப்படும். தொழுவுரம், தழையுரம், பிண்ணாக்கு முதலியன இயற்கை உரங்கள். யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் முதலியன செயற்கை உரங்கள். இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கு உழவரிடையே நெடுங்காலமாக இருந்துவருகின்றது. ஒவ்வொன்றும் செய்யும் தொழிலை அறிந்தால் இவ்வழக்குத் தானே தீரும்.

பயிருக்கு மிகுதியாக வேண்டப்படும் சத்துக்கள் மூன்று. அவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து என்பன. 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து உண்டு. 100 கிலோ தொழுவுரத்திலோ ஏறக்குறைய அரைக் கிலோவே உண்டு. ஆகவே, 100 கிலோ யூரியா தரும் தழைச்சத்தைத் தொழுவுரத்தால் மட்டும் பெறவேண்டுமாயின், 9 டன்னுக்கு மேற்பட்ட எரு வேண்டும். அத்துணை எருவிற்கு ஏழை உழவன் எங்கே போவான்?

இதனால், செயற்கை உரமே போதும் என்று கருதிவிடலாகாது. யூரியா பயிரை ஊட்டுமேயன்றி மண்ணைப் பேணாது. தொழுவுரமும் தழையுரமும் மண்ணில் மட்கிக் கலக்கின்றன. அம்மட்கு மணற்பாங்கான நிலத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கின்றது. இறுகிய களிமண்ணைப் பொலபொலப்பாக்கி வேர் ஓட வழிசெய்கின்றது. மண்புழுவிற்கும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களுக்கும் இரையாகின்றது.

இவ்வுண்மையை ஒரு வயலே உலகிற்கு உணர்த்தியது. இங்கிலாந்து நாட்டில் ரோதம்ஸ்டெட் என்னும் இடத்தில், லாஸ், கில்பர்ட் என்னும் அறிஞர் இருவர் 1843-ஆம் ஆண்டில் ஒரு கோதுமை வயலில் ஆய்வு தொடங்கினர். ஒரு பகுதிக்கு எவ்வுரமும் இடப்படவில்லை. ஒரு பகுதிக்குத் தொழுவுரம் மட்டும் இடப்பட்டது. பிறவற்றிற்குச் செயற்கை உரங்கள் இடப்பட்டன. அவ்வாய்வு இன்றும் நடைபெற்றுவருகின்றது. உரமிடாத பகுதியின் விளைச்சல் மிகக் குன்றியது. பழைய கோதுமை வகைகளுக்கு இருவகை உரங்களும் ஏறக்குறைய ஒத்த விளைச்சலையே தந்தன. ஆயினும், தொழுவுரம் பெற்ற மண்ணில் மட்கு இருமடங்கிற்கு மேல் பெருகியது. 1968-ஆம் ஆண்டு முதல் மிகுவிளைச்சல் தரும் புதிய வகைகள் பயிரிடப்பட்டபோது, தொழுவுரத்தோடு செயற்கைத் தழைச்சத்தும் பெற்ற பகுதியே பெரும்பாலும் முதன்மை பெற்றது. நம் நாட்டில் கோயம்புத்தூரிலும் இத்தகைய நெடுங்கால உர ஆய்வு 1909-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

ஒருவகை உரத்தைத் திடீரெனக் கைவிட்டால் நேரும் துன்பத்தை இலங்கை கண்டது. அந்நாட்டு அரசு 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் செயற்கை உர இறக்குமதியைத் தடைசெய்தது. அதற்கு ஈடான இயற்கை உரம் உழவர்க்குக் கிடைக்கவில்லை. நவம்பர் மாதத்தில் தடை நீக்கப்பட்டது. எனினும், பருவத்தில் உரம் பெறாத நெற்பயிர் விளைச்சலில் பெரிதும் குன்றியது. அரிசியை அயல்நாடுகளினின்றும் வாங்க நேர்ந்தது. மறுபுறம், யூரியாவை அளவின்றிக் கொட்டுவோரும் நலம் பெறுவதில்லை. அவர்தம் பயிர் மிகச் செழித்துச் சாய்கின்றது. பூச்சிக்கும் நோய்க்கும் எளிதில் இரையாகின்றது.

அறிவுடைய உழவன் இரண்டையும் இணைத்துப் பயன்கொள்வான். நடவுக்கு முன்னர்த் தக்கைப்பூண்டு, சணப்பை ஆகியவற்றுள் ஒன்றை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவான். சாணத்தையும் குப்பையையும் வெயிலில் காயவிடாது குழியிலிட்டு மட்கச் செய்வான். மண்ணை ஆய்வித்து, குறையும் சத்தை மட்டும் செயற்கை உரத்தால் நிரப்புவான். யூரியாவை வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து, பயிரின் பருவமறிந்து பகுத்து இடுவான்.

செயற்கை உரம் பயிருக்கு உணவு. இயற்கை உரம் மண்ணுக்கு உணவு. இரண்டையும் அளவறிந்து இடுவோன், தன் காலத்தில் நிறைந்த விளைவைப் பெறுவதோடு, தன் மக்களுக்கும் வளங்குன்றாத நிலத்தை விட்டுச்செல்வான்.